வடிகால் இல்லாத ஊர்

மன்னார்குடிக்குப் பக்கத்தில் பிறந்தவனுக்குத் திருச்சியைத் தாண்டினாலே அயல்நாடு. மண் சிவந்துவிடுகிறது, மாட்டுக்குக் கொம்பு நீண்டுவிடுகிறது, மனிதர்கள் ஒவ்வொரு பேச்சின் முடிவிலும் ஒரு ‘ங்க’ சேர்த்துக்கொள்கிறார்கள். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போய் வந்தவர்கள் பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். யுத்தத்துக்கு நடுவில் நான் போய் வந்தது நாமக்கல் சீமையில் ஓலையங்காடு என்ற ஊருக்கு. ஆகவே இதைப் படிப்பவர்கள் கப்பலையும் கடலையும் எதிர்பார்க்க வேண்டாம்.

போன காரியம் சின்னது. என் தங்கை விசாலத்துக்குத் தலைப்பிரசவம். அவளை ஏழாம் மாதம் முடிவதற்குள் அழைத்து வந்துவிட வேண்டும், எட்டாம் மாதத்தில் வாசல்படி தாண்டக் கூடாது என்பது என் தாயார் போட்ட உத்தரவு. விசாலத்தின் கணவர் தியாகராசன் ஓலையங்காட்டுக்குப் புதிதாக வெட்டிய வாய்க்காலுக்கு ஓவர்சீயர். அவரும் எங்கள் பக்கத்துக்காரர்தான். ஏழாம் மாதம் முடிய ஒரு வாரம் கூட இல்லாத நிலையில் நான் மோகனூருக்கு எதிர்க்கரையில், காவேரிப் பரிசல் துறையில் நின்றுகொண்டிருந்தேன்.

பரிசலில் என்னோடு மூன்று ஆடுகளும் ஒரு ஜவுளி வியாபாரியும் ஏறினார்கள். வியாபாரி சேலத்து ராவுத்தர், அம்மாபேட்டைச் சேலைகளை மூட்டையாகக் கட்டி ஊர் ஊராக விற்பவர். நடு ஆற்றில் ஓர் ஆடு எழுந்து நின்றுவிட, பரிசல் ஒரு முழுச் சுற்றுச் சுற்றியது. பரிசல்காரர் அலட்டிக்கொள்ளாமல் ஆட்டைக் காலால் அமர்த்தினார். நான்தான் ஜவுளி மூட்டையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

நான் போகும் ஊரின் பெயரைக் கேட்டதும் ராவுத்தர் முகம் மாறியது.

“தண்ணி வந்த ஊருங்களா? அங்கே நான் ஒரு நாள் தங்கி வியாபாரம் பண்றதில்லைங்க. ரெண்டு நாள் தங்கினாத்தான் ஊரு முழுக்கப் பாத்து முடிக்கலாம்” என்றார்.

“அவ்வளவு பெரிய ஊரா?”

“சின்ன ஊருதாங்க. இன்னிக்குப் பாதி ஊரு படுத்திருக்கும், நாளைக்கு மீதிப் பாதி படுக்கும்.”

வேடிக்கையாகப் பேசுகிறார் என்று நினைத்துச் சிரித்துவைத்தேன்.

மோகனூரிலிருந்து பஸ். பெட்ரோல் கிடைக்காத காலமாகையால் கரி வாயுவில் ஓட்டப் பின்புறம் ஒரு கரி அடுப்பைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். கண்டக்டர் அடுப்பைக் கிளறிவிட்டு, அதற்குக் காற்றூதும் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தார். அரை மணிக்குப் பிறகு வண்டி இருமியது, நகர்ந்தது. மேடு வந்தபோதெல்லாம் ஆண்கள் இறங்கித் தள்ளினோம். எங்கள் ஊரில் தேர் இழுத்த பழக்கம் எனக்குக் கைகொடுத்தது.

வண்டியில் ஏறுகிறவர்கள் டிரைவரைக் கேட்ட முதல் கேள்வி விநோதமாக இருந்தது. “ஏனுங்க பழனி, நேத்தா?” டிரைவர் பழனி, “நேத்துத்தானுங்க. இன்னிக்குத் தெளிவா இருக்கறேன். நாளைக்கு வண்டி இல்லீங்க” என்று ஒவ்வொருவருக்கும் சலிக்காமல் பதில் சொன்னார். அவருக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் முறைக்காய்ச்சலாம். மாற்று டிரைவர் பட்டாளத்துக்கு லாரி ஓட்டப் போய்விட்டாராம். ஆகவே பஸ்ஸும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஓடுகிறது.

வழியெல்லாம் கரடும், கள்ளியும், காய்ந்த சோளத்தட்டும். தாகமாக இருந்தது என்று ஒரு ஊரில் தண்ணீர் கேட்டேன். ஒரு அம்மாள் அரைச் சொம்பு கொண்டுவந்து, நான் குடித்து முடிக்கும்வரை நின்று, மிச்சமிருந்த ஒரு வாய்த் தண்ணீரைச் செடிக்கு ஊற்றினாள். எங்கள் ஊரில் கால் கழுவவே இரண்டு குடம் கொட்டுவோம். சற்று வெட்கமாக இருந்தது.

ஓலையங்காட்டுக்குள் நுழைந்ததும் கண் குளிர்ந்துபோனது உண்மை. அவ்வளவு வறட்சிக்குப் பிறகு ஒரே பச்சை. மார்கழிப் பயிர் பால் கட்டிக்கொண்டு நின்றது. வாய்க்கால் கரை நெடுகப் புதுக் குடிசைகள். பழைய ஊர் மேட்டில் இருந்ததாம். தண்ணீர் வந்த வருஷமே ஜனங்கள் வீட்டைப் பிரித்துக் கூரையைச் சுமந்து கீழே வந்துவிட்டார்கள். தலைமுறை தலைமுறையாக இரண்டு மைல் நடந்து குடம் சுமந்த பெண்களுக்கு, வாசலிலேயே தண்ணீர் என்றால் யார்தான் மேட்டில் இருப்பார்கள்?

தங்கை வாசலுக்கு வரவில்லை. உள்ளே மூன்று கம்பளிக்குக் கீழே கிடந்தாள். கட்டில் ஆடுகிற சத்தம் எனக்கு முதலில் என்னவென்று விளங்கவில்லை. பல் கிட்டிப்போய், “வா அண்ணே” என்று சொல்ல மூன்று தடவை முயன்றாள். வயிறு மட்டும் பெரிதாக, முகம் எலுமிச்சம்பழ நிறத்தில் இருந்தது.

மாப்பிள்ளை கை கழுவிக்கொண்டு வந்தார். “இன்னிக்கு அவளுக்கு நாள், மச்சான். சாயந்தரம் வேர்த்து விட்டுடும். நாளைக்கு எழுந்து சமைப்பா” என்றார். மழை வரும், போகும் என்பதைப் போலச் சொன்னார். எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. அவருக்கே போன வாரம்தான் காய்ச்சல் விட்டிருந்தது என்று பிறகு தெரிந்தது.

காய்ச்சலுக்குக் கொயினா மருந்து இல்லையா என்று கேட்டேன். ஜாவாவிலிருந்து வருவது நின்ற பிறகு கிடைப்பது அபூர்வம், மாப்பிள்ளைக்கு வேலையில் கொடுத்த கொஞ்சத்தையும் விசாலம் தொடவில்லை. கொயினா சாப்பிட்டால் கரு தங்காது என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் சொல்லியிருக்கிறார்கள்.

மறுநாள் அவர் சொன்னபடியே விசாலம் எழுந்து குளித்துச் சமைத்தாள். கம்பஞ்சோறு, கொள்ளுப் பருப்பு, கெட்டி மோர். கம்பஞ்சோறு எனக்குப் பழக்கமில்லாத சாப்பாடு. முதல் உருண்டை தொண்டையில் நின்று யோசித்தது, இரண்டாவது தானாக இறங்கியது, நாலாவதுக்கு நானே கையை நீட்டினேன். விசாலம் சிரித்தாள். நேற்றுக் கிடந்தவளும் இவளும் ஒருத்திதானா என்று சந்தேகம் வரும்படி இருந்தாள்.

“இன்னிக்கே கிளம்பிடலாமே” என்றேன்.

“பஸ் எங்கே அண்ணே இருக்கு? பழனிக்கு இன்னிக்குக் காய்ச்சல்” என்றாள்.

அப்போதுதான் கணக்கு எனக்கு உறைத்தது. பஸ் ஓடும் நாள் அவளுக்குக் காய்ச்சல் நாள். அவள் நன்றாக இருக்கும் நாளில் டிரைவர் படுத்திருப்பார். இரண்டு பேருடைய காய்ச்சலும் தராசுத் தட்டு மாதிரி மாறி மாறி ஏறி இறங்குகிறது.

ஊரே இப்படித்தான் தன்னை அமைத்துக்கொண்டிருந்தது. களை எடுக்க ஆள் பிடிக்கிறவர்கள் இவனுக்கு என்றைக்கு, அவளுக்கு என்றைக்கு என்று கேட்டு, இரண்டு இரண்டு பேராகச் சேர்த்துப் பேசிக்கொள்கிறார்கள். ஒருத்தி நடுங்கும் நாளில் ஜோடிக்காரி அவள் பங்கையும் சேர்த்துப் பார்க்கிறாள். ஒரு கல்யாணத்துக்கு மேளக்காரரின் காய்ச்சலைக் கேட்டுவிட்டு நாள் குறித்தார்களாம். இதைச் சொன்னவர் சிரிக்கவில்லை. நானும் சிரிப்பதை நிறுத்திக்கொண்டேன்.

சாப்பிட்டுவிட்டு வாய்க்காலோடு நடந்தேன். கரை போட மண் எடுத்த குழிகள் இரு பக்கமும் வரிசையாகக் கிடந்தன. எல்லாவற்றிலும் கசிந்த தண்ணீர், அடி மண் தெரிகிற தெளிவு. குனிந்து பார்த்தால் மேலே சிறு சிறு துரும்புகள் போலக் கொசுப் புழுக்கள். முன்பு ஒரு மலேரியா இன்ஸ்பெக்டர் வந்து குழிகளில் எண்ணெய் தெளிக்கச் செய்தாராம். அவர் தலை மறைந்ததும் பெண்கள் பழந்துணியைத் தண்ணீரில் போட்டு எடுத்து, எண்ணெயைப் பிழிந்து விளக்கேற்றிக்கொண்டார்கள். வீட்டு விளக்குக்கு மண்ணெண்ணெய் கிடைக்காத நாளில் குட்டைக்கு எண்ணெய் விட்டால் யார் பொறுப்பார்கள்?

தண்ணீர்தான் காய்ச்சலுக்குக் காரணம் என்றால் எங்கள் ஊரில் ஒரு குஞ்சு மிஞ்சியிருக்காது. நாங்கள் தண்ணீரிலேயே கிடப்பவர்கள். ஆனால் எங்கள் வயலுக்குத் தண்ணீர் வர ஒரு வழி உண்டு, போக ஒரு வழி உண்டு. பாசன வாய்க்கால் உள்ள இடத்திலெல்லாம் அதற்குக் கீழே வடிகாலும் இருக்கும். இங்கே தண்ணீர் வருவதற்குத்தான் வழி செய்திருந்தார்கள். வந்த தண்ணீர் வயல் வயலாக இறங்கி, கடைசியில் ஊரின் தாழ்ந்த மூலைக்கு வந்து நின்றது. அந்த மூலையில் ஒருவர் உயரமாகக் கரை போட்டு அதைக் குட்டையாக்கி வைத்திருந்தார். குட்டை ததும்பிப் பின்வாங்கி, குடிசைகளின் வாசல் வரை வந்திருந்தது. குட்டைக்கு அப்பால் அவருடைய நெல் வயல். வயலுக்கு அப்பால் ஓர் ஓடை, தண்ணீர் எங்கே எங்கே என்று வாயைத் திறந்துகொண்டு கிடந்தது.

அந்தக் குட்டைக்கும் வயலுக்கும் சொந்தக்காரர் முத்துசாமிக் கவுண்டர். என்னைக் கண்டதும் வீட்டுக்கு அழைத்துப்போய் நெல்லுச்சோறு போட்டார். அவர் கம்பங்கூழைக் குடித்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார். தீபாவளிக்கு மட்டும் நெல்லுச்சோறு கண்டவர்கள் விருந்தாளிக்கு இப்போது நினைத்தபோது போட முடிகிறது என்பதில் அவருக்கு இருந்த பெருமையைப் பார்க்க எனக்கும் சந்தோஷமாக இருந்தது. மூன்றாம் தரம் சோறு வைக்க வந்தபோது கையால் இலையை மறைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன்.

“கரையை வெட்டி, உங்கள் வயல் வழியா ஓடைக்கு ஒரு வடிகால் எடுத்துட்டா வாசல்லே நிக்கிற தண்ணி வடிஞ்சுடும். குழிகளையும் அதிலே சேர்த்துடலாம். கொசு குறையும்” என்றேன்.

அவர் கூழை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “தண்ணியத் தொலைக்கறதுக்கு ஒரு வாய்க்காலுங்களா?”

“தொலைக்கிறது இல்லே. வேலை முடிஞ்ச தண்ணியை அனுப்புறது.”

“எங்கப்பன் மோவனூரு ஆத்துலருந்து வண்டியில தண்ணி கொண்டாந்து மாட்டுக்கு வெச்சாருங்க. ஒரு பஞ்சத்துல அந்த மாடும் போச்சு. ஊடு தேடி வந்த தண்ணிய வெட்டி உடறதுக்கு இந்தக் கை எந்திரிக்காதுங்க.”

“காய்ச்சல்?”

“காச்ச எல்லா ஊருக்கும் வருமுங்க. தண்ணி எல்லா ஊருக்கும் வருதுங்களா?”

நான் இலையை மடித்துவிட்டு எழுந்தேன். வெளியே காத்திருந்த மாப்பிள்ளை சொன்னார், கவுண்டருடைய பேரன், ஓடி விளையாடுகிற பிள்ளை, இந்த ஐப்பசியில் அதே காய்ச்சலில் போய்விட்டானாம்.

“நீங்களாவது வெட்டச் சொல்லக் கூடாதா? நம்ம ஊரிலே வடிகால் பார்த்தவர்தானே?” என்று மாப்பிள்ளையைக் கேட்டேன்.

“எனக்கு வந்த உத்தரவு தண்ணியைக் கொண்டுவந்து சேர்க்கிறது வரைக்கும்தான் மச்சான். சும்மா ஒரு தடவை கரையிலே மண்வெட்டியோடு நின்னேன். பொம்பளைங்க எல்லாம் வந்து குட்டையிலே இறங்கி நின்னுட்டாங்க” என்றார்.

மூன்றாம் நாள் விசாலத்துக்கு மறுபடி குளிர். அன்று பார்த்துப் பஸ் வாசலில் வந்து நின்று ஹாரன் அடித்தது. பழனி எட்டிப் பார்த்து, “ஏத்தறதுங்களா, இல்லீங்களா?” என்றார். கட்டில் ஆடிய ஆட்டத்தைப் பார்த்துவிட்டு அவரே தலையாட்டிக்கொண்டு போய்விட்டார். இனி ஒரு நாள் தள்ளினால் எட்டாம் மாதம் பிறந்துவிடும். மறுநாள் அவள் தெளிந்திருக்கும்போதே மாட்டு வண்டியில் கிளம்பி, பொழுது சாய்வதற்குள் ஆற்றைத் தாண்டி, ரயிலேற்றிவிடுவது என்று முடிவு செய்தோம். அடுத்த குளிர் வரும்போது என் தாயார் பக்கத்தில் இருப்பார் என்பது எங்கள் கணக்கு.

வண்டி கொடுத்தது முத்துசாமிக் கவுண்டர். கொடுத்ததோடு தாமே ஓட்டவும் வந்தார். வைக்கோல் பரப்பி, அதன் மேல் தம்முடைய கம்பளியை விரித்து, “ஏறு சாமி, ஆடாம அசங்காமக் கொண்டுபோய் உடறேன்” என்று விசாலத்தை ஏற்றினார். மாப்பிள்ளைக்கு அன்று வயல்களுக்கு முறை வைத்துத் தண்ணீர் விட வேண்டியிருந்ததால் அடுத்த பஸ்ஸில் வருவதாகச் சொன்னார்.

ஊரைத் தாண்டும் முன்பே வண்டி நின்றது. பாதை அந்தக் குட்டைக்கு ஓரமாகப் போகிறது. ததும்பிய தண்ணீர் இரவில் கரையைக் கசிந்து, வண்டித்தடத்தைச் சேறாக்கி வைத்திருந்தது. அச்சு வரை இறங்கிவிட்டது. கவுண்டருடைய காங்கேயம் மாடுகள் கட்டாந்தரையில் குதிரை போல ஓடக்கூடியவை. சேற்றை அவை கண்டதில்லை. இழுக்கச் சொன்னால் பயந்து ஒன்று படுத்துக்கொண்டது, மற்றது நுகத்தடியை முறித்தது. எங்கள் ஊர் எருமைக் கடா ஒன்று இருந்தால் போதும் என்று நான் மனத்துக்குள் புலம்பினேன்.

தள்ள ஆள் தேடினால், பலசாலிகள் எல்லாம் அன்று படுத்திருந்த பாதி ஊரில் இருந்தார்கள். எழுந்து நடக்கக்கூடியவர்களில் பெண்களே அதிகம். அவர்கள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினார்கள். குட்டையை வெட்ட விடாமல் நின்றவர்களும் இவர்கள்தான். பலகை போட்டு, கல் போட்டு, புது நுகத்தடி தேடி, வண்டி மேட்டுக்கு வந்தபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. விசாலம் வரப்பில் உட்கார்ந்து எல்லோருக்கும் சிரித்த முகமாகத் தண்ணீர் மொண்டு கொடுத்துக்கொண்டிருந்தாள்.

மோகனூருக்கு வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது. இருட்டில் பரிசல் விடமாட்டோம் என்றார்கள். அங்கிருந்த சத்திரத்தில் இடம் கிடைத்தது.

விடிந்ததும் குளிர் வந்தது. இந்தத் தடவை குளிரோடு வலியும் வந்தது. சத்திரத்துக்காரர் மருத்துவச்சியை அழைத்து வந்தார். ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் ஒருவர் கொயினா மருந்தை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். விசாலம் அதைக் குடித்தாள், இப்போது வேண்டாமென்று சொல்ல அவளுக்கு நினைவில்லை. பிறந்தது ஆண் பிள்ளை. உள்ளங்கை அகலம் இருந்தான். அழுதானா, மூச்சுத்தான் விட்டானா என்று எங்களுக்குள் தீர்மானமாவதற்குள் அடங்கிவிட்டான். தங்கை பிழைத்துக்கொண்டாள். இவ்வளவுதான் நடந்தது.

அன்று பஸ் ஓடியது. மாப்பிள்ளை அதில் வந்து இறங்கினார். பழனி வண்டியை நிறுத்திவிட்டு வந்து, தலைத் துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு சத்திரத்து வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். மாப்பிள்ளையை உள்ளே விசாலத்தின் பக்கத்தில் விட்டுவிட்டு, நானும் கவுண்டரும் பிள்ளையை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனோம்.

கவுண்டர் என்னிடம் மண்வெட்டியைக் கொடுக்கவில்லை. தாமே தோண்டினார், தாமே மூடினார். அவருக்கு இந்த வேலை இரண்டு மாதத்துக்கு முன்தான் பழக்கமாகியிருந்தது. முடித்த பிறகு ஆற்றைப் பார்த்தபடி நின்றார். காவேரி அவ்வளவு தண்ணீரையும் கிழக்கே எங்கள் ஊர்ப் பக்கம் அனுப்பிக்கொண்டிருந்தது.

“எவ்வளவு ஆழம் வெட்டோணுங்க?” என்றார்.

எதைக் கேட்கிறார் என்று எனக்குப் புரிந்தது. “வடிகால் உங்க வயல் நடுவாத்தான் போகும். பயிர் பால் கட்டி நிக்குது” என்றேன்.

“அது எனக்குத் தெரியுமுங்க. ஆழத்தச் சொல்லுங்க.”

நான் என் முழங்காலைத் தொட்டுக் காட்டினேன். அவர் குனிந்து, மண் ஒட்டிய விரலால் தம் முழங்காலில் ஒரு கோடு போட்டுக்கொண்டார்.